மந்திரம் பலிக்கவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள், பிழையைப் பிடிப்போம்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் எங்கள் கொக்குவில் வீட்டு விறாந்தையில் மூன்று மடிக்கணினிகள் வந்து குந்திவிடும். தங்கச்சியின் பையன்கள் இருவர், அவர்களின் கூட்டாளி ஒருவன். பகலில் விளையாட்டு, பின்னேரம் கோயில் வீதி, ஐஸ்கிரீம். 25 நாளும் இதே நிரல்தான். நான் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, சராசரியாக ஒரு தேத்தண்ணீருக்கு ஒரு தடவை இந்தக் குரல் கேட்கும்: "மாமா, நான் செய்த மந்திரம் பலிக்கவில்லை. கேமில் பிழை இருக்கிறது."

கேமில் பிழை இருப்பது அபூர்வம். நாங்களே மந்திரம் புனையும் வசதி, எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டுத் தொடரில் 1994-இல் வந்த அரீனாவில் இருந்தது. 1996-இல் டாகர்ஃபால், 2002-இல் மொரோவிண்ட், 2006-இல் ஒப்ளிவியன் எனத் தொடர்ந்தது. 2011-இல் வந்த ஸ்கைரிமில் அதைத் தூக்கிவிட்டார்கள். அதற்காக நான் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை. எங்கள் விறாந்தையில் ஓடுவது பெரும்பாலும் மொரோவிண்டும் ஒப்ளிவியனும்தான். பழைய மடிக்கணினிகளில் அவைதான் திணறாமல் ஓடும். ஆகவே கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றுதான். மந்திரத்தைத் திறந்து, ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே உள்ளதைச் சத்தமாக வாசியுங்கள்: எவ்வளவு பலம், எத்தனை வினாடி, எத்தனை அடிப் பரப்பு, எட்டம் எது. எட்டம் என்பது தன்மேல், தொடுகை, எறிதல் என்ற மூன்றில் ஒன்று. வாசிக்கும்போதே பாதிப் பேர் "ஓ" என்று சொல்லி எழும்பிப் போய்விடுவார்கள். மிச்சப் பேருக்கு:

கை உயர்கிறது, ஒளி வருகிறது, புஸ்ஸென்று அணைகிறது

மொரோவிண்டின் தலையாய முறைப்பாடு இதுதான். இந்த விளையாட்டில் மந்திரம் ஒவ்வொரு தடவையும் பலித்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. பலிக்காவிட்டாலும் மந்திர சக்தி செலவானது செலவானதுதான்.

உள்ளே நடக்கும் கணக்கு இது. மந்திரம் சார்ந்த கலையில் உங்கள் திறனை இரண்டால் பெருக்குங்கள். மனவுறுதியில் ஐந்திலொரு பங்கையும், அதிர்ஷ்டத்தில் பத்திலொரு பங்கையும் கூட்டுங்கள். அதிலிருந்து மந்திரத்தின் செலவைக் கழியுங்கள். வந்த விடையைக் களைப்புக்கு ஏற்பப் பெருக்க வேண்டும். திரையின் கீழே உள்ள பச்சைக் கோடு நிரம்பியிருந்தால் 1.25, அடியோடு வற்றியிருந்தால் 0.75.

என் மூத்த மருமகன் விளையாடும் ஆளுக்கு டிஸ்ட்ரக்‌ஷன், அதாவது அழிக்கும் கலையில், திறன் 40, மனவுறுதி 50, அதிர்ஷ்டம் 40. அவன் புனைந்த நெருப்பு மந்திரத்தின் செலவு 30. அப்படியானால் 80, 10, 4 மூன்றையும் கூட்டி 30-ஐக் கழிக்க, 64. இளைப்பாறிய நிலையில் நூற்றுக்கு 80 தடவை பலிக்கும். ஆனால் அவனோ ஊரெல்லாம் ஓடி, குதித்து, மூச்சு வாங்க வந்து நின்று மந்திரம் எறிகிறான். பச்சைக் கோடு காலி. அதே மந்திரம் இப்போது 48. இரண்டு தடவைக்கு ஒன்றுகூட நிச்சயம் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் முன்பு செங்கண்மாரிக்குப் பார்வை பார்க்கும் கிழவர் ஒருவர் இருந்தார். யார் அவசரமாக வந்து கூப்பிட்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி, குந்தில் இருந்து, செம்பில் தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகுதான் வேப்பிலையைத் தொடுவார். அவருடைய வைத்தியத்தைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். ஆனால் மொரோவிண்டை எழுதியவர்கள் அவரைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

ஆகவே நிவாரணம்: சண்டைக்கு முன் சற்று நில்லுங்கள், அல்லது களைப்பு நீக்கும் மருந்தைக் குடியுங்கள். அதற்கும் மேலாக, மந்திரத்தைச் சிறிதாக்குங்கள். மேலே உள்ள 30 செலவை 15 ஆக்கினால் கணக்கு 79-க்கு ஏறும். இளைப்பாறிய நிலையில் 98-ஐத் தாண்டும். பாதிப் பலமுள்ள மந்திரம் தவறாமல் விழும். அடுத்தடுத்து இரண்டை எறிந்தால் முழுப் பலமும் வந்துவிடும். பையன்களுக்கு இது விளங்குவதில்லை. அவர்களுக்கு ஒரே அடியில் எல்லாம் வேண்டும்.

சுருள் மந்திரமும் மந்திரம் ஏற்றிய மோதிரமும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை. அவை எப்போதும் பலிக்கும். திறன் ஏறும்வரை அவற்றை வைத்துச் சமாளிக்கலாம்.

நேற்றுவரை வேலை செய்தது. இன்னொரு விளைவைச் சேர்த்ததும் செத்துப்போனது

கூழ் காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என எல்லாம் நல்லதாக இருக்கலாம். பழுதான மீன் ஒன்று விழுந்தால் பானை முழுவதும் போய்விடும். ஒடியல் மா என்ன செய்யும்?

மொரோவிண்டில் ஒரு மந்திரத்துக்குள் 8 விளைவுகள்வரை சேர்க்கலாம். அவை வெவ்வேறு கலைகளைச் சேர்ந்தவையாக இருந்தால், எந்தக் கலையில் உங்கள் கை மிகவும் பலவீனமோ அந்தத் திறனைத்தான் விளையாட்டு கணக்கில் எடுக்கும். கழிப்பதோ முழு மந்திரத்தின் செலவை. அதே மருமகன் நெருப்போடு ஆல்ட்டரேஷன் கலையைச் சேர்ந்த சின்ன விளைவு ஒன்றைச் சேர்த்தான். அந்தக் கலையில் அவனுக்குத் திறன் 10. செலவு 36-க்கு ஏறியது. இப்போது 20, 10, 4 கூட்டி 36-ஐக் கழித்தால் பூச்சியத்துக்கும் கீழே இரண்டு. அந்தத் திறன் ஏறும்வரை இந்த மந்திரம் ஒருநாளும் பலிக்காது. கேமில் பிழை என்று அவன் சத்தியம் செய்தது இந்த இடத்தில்தான்.

இரண்டையும் பிரித்து இரண்டு மந்திரங்களாகப் புனையுங்கள். வேறு மருந்து இல்லை.

மந்திரம் பலித்த சத்தம் கேட்கிறது, பூட்டுத் திறக்கவில்லை

பலத்துக்கு இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள்: குறைந்தபட்சம், கூடியபட்சம். புனையும் திரையில் பலர் கூடியதை மட்டும் இழுத்து 100 ஆக்கிவிட்டு, குறைந்ததை 1-இல் விட்டுவிடுவார்கள். விளையாட்டு ஒவ்வொரு தடவையும் இரண்டுக்கும் இடையே ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். பூட்டின் பலம் 60 என்றால், 60 முதல் 100 வரை விழும் 41 எண்கள்தான் அதைத் திறக்கும்.

செலவு இரண்டு எண்களின் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. ஆகவே 1–100 என்பதும் 50–50 என்பதும் ஏறத்தாழ ஒரே செலவு. ஆனால் 50–50 அந்தப் பூட்டை ஒருநாளும் திறக்காது. கதவின் மேல் குறியை வைத்தால் பூட்டின் எண் தெரியும். அதை வாசித்து 60–60 என்று போடுங்கள். சற்றுக் கூடச் செலவாகும், ஒரே தடவையில் திறக்கும். சூதாட்டம் பிடித்தவர்கள் 1–100-உடன் நின்று குலுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குள் காவற்காரன் வந்துவிடுவான்.

செலவு எட்டாத உயரத்தில் நிற்கிறது

பலத்தையும் நேரத்தையும் மொரோவிண்ட் பெருக்குகிறது. நேரத்தோடு ஒன்றைக் கூட்டிவிட்டுப் பெருக்குகிறது என்பதுதான் சூட்சுமம். எதிரிக்கு மொத்தம் 20 சேதம் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரே வினாடியில் 20 என்றால் 20-ஐ 2-ஆல் பெருக்கி 40. இரண்டு வினாடிக்கு 10 வீதம் என்றால் 10-ஐ 3-ஆல், 30. நான்கு வினாடிக்கு 5 வீதம், 25. பத்து வினாடிக்கு 2 வீதம், 22. சேதம் ஒன்றே, செலவு ஏறத்தாழப் பாதி. எதிரி பத்து வினாடி உங்களை அடித்துக்கொண்டிருப்பானே என்று கேட்டால், ஓடுங்கள் என்பதுதான் பதில். கால் எதற்கு இருக்கிறது?

எறியும் மந்திரத்துக்குச் செலவு ஒன்றரை மடங்கு. நெருங்கி நிற்கத் தைரியம் இருந்தால் தொடுகைக்கு மாற்றுங்கள். பரப்பைக் கூட்டுவதற்குச் செலவு அவ்வளவாக ஏறாது. அதனால்தான் பையன்கள் அதை 20, 30 என்று இழுத்துவிடுகிறார்கள். பிறகு ஊர் நடுவே கள்ளன் ஒருவனுக்கு எறிந்த நெருப்பு பக்கத்தில் நின்ற கடைக்காரரையும் காவற்காரரையும் சேர்த்துப் பிடிக்கிறது. முழு ஊரும் வாளோடு திரள்கிறது. அறைக்குள் பரப்பு பூச்சியம். இதை எழுதி ஒட்டி வையுங்கள்.

பேச்சுக்கான மந்திரங்களுக்கு நேரமே வேண்டாம். ஒருவரின் மனதைக் குளிர்விக்கும் சார்ம் விளைவை 2 வினாடிக்குப் போட்டு, உடனே பேச்சைத் தொடங்குங்கள். பேசும் திரை திறந்திருக்கும்வரை விளையாட்டின் மணிக்கூடு நின்றுவிடும். நல்ல விலையும் கேட்டு, செய்தியும் கேட்டு, ஆறுதலாக எழும்பி வரலாம்.

மந்திர சக்தி திரும்ப வரவில்லை

நாங்கள் ஆறில்லாத ஊர்க்காரர். கிணற்றை நம்பி வாழ்பவர்கள். இது எங்களுக்கு விளங்க வேண்டும். ஒப்ளிவியனில் உங்கள் கிணறு தானாக ஊறும். மொரோவிண்டில் நித்திரை கொண்டால்தான் ஊறும், அல்லது மருந்து குடிக்க வேண்டும். பிறந்த நட்சத்திரமாக அட்ரோனாக்கைத் தேர்ந்தெடுத்திருந்தால் நித்திரையிலும் ஊறாது. கிணறு பெரியது, ஊற்று இல்லை. "பெரிய எண் இருந்தது, எடுத்தேன்" என்றான் கூட்டாளிப் பையன். நிலாவரைக் கிணறு என்று நினைத்துவிட்டான்.

எதிரியின் உயிர் சடாரென்று இறங்குகிறது, பிறகு ஏறிவிடுகிறது

டிரெயின், டேமேஜ் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள். டிரெயின் என்பது கைமாற்று: நேரம் முடிந்ததும் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். டேமேஜ் என்பது களவு: எடுத்தது போனதுதான். எதிரியை மெல்ல மெல்லக் கரைக்க வேண்டுமானால் டேமேஜ் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் டிரெயினை ஒதுக்கிவிடாதீர்கள். ஒப்ளிவியனில் உயிரை 100 அளவுக்கு ஒரே வினாடி டிரெயின் செய்யும் மந்திரம் மிகவும் மலிவு. எதிரியிடம் அந்த நேரத்தில் 100-க்குக் குறைவாகவே உயிர் இருந்தால், கடனைத் திருப்பி வாங்க ஆள் இருக்க மாட்டான். வாளால் பாதி குறைத்துவிட்டு மிச்சத்துக்கு இதைப் போடுங்கள். நானே பல சண்டைகளை இப்படித்தான் முடித்திருக்கிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

புனையும் பட்டியலில் நான் தேடும் விளைவைக் காணவில்லை

அந்த விளைவு உள்ள மந்திரம் ஒன்றையாவது நீங்கள் கற்றிருக்க வேண்டும். சுருளில் இருப்பதும் மோதிரத்தில் இருப்பதும் கணக்கில் இல்லை. கடையில் உள்ளதில் ஆக மலிவானதை வாங்குங்கள்; அதன் பலம் முக்கியமில்லை, பட்டியலில் பெயர் வந்தால் போதும்.

ஒப்ளிவியனில் மிதப்பதைத் தேடினால் கிடைக்காது. மிதக்க வைக்கும் லெவிட்டேட், உயரக் குதிக்க வைக்கும் ஜம்ப், மெல்ல இறக்கும் ஸ்லோஃபால், ஓரிடத்தைக் குறித்துவைத்து அங்கே திரும்ப வைக்கும் மார்க், ரிகால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

புனையும் பீடத்தையே காணவில்லை என்பவர்களுக்கு: ஒப்ளிவியனில் அது ஆர்கேன் பல்கலைக்கழகத்தின் உள்ளே இருக்கிறது. மந்திரவாதிகள் சங்கத்தின் 7 நகரக் கிளைகளிலும் சிபாரிசு வாங்காமல் உள்ளே விட மாட்டார்கள். கையெழுத்துக்காக மேசை மேசையாக அலைந்து பழகிய எங்களுக்கு அது புதிதல்ல. குறுக்கு வழியும் உண்டு. கூடுதல் தொகுப்பாக வந்த ஃப்ராஸ்ட்கிராக் கோபுரம் உங்களுக்குக் கிடைத்திருந்தால், தலைநகர் மிஸ்டிக் எம்போரியம் கடையில் மேஜ்டாலோ மெழுகுவர்த்திகளை வாங்குங்கள். கோபுரத்தில் பீடம் உயிர்பெறும். 2025-இல் வந்த புதுப்பித்த பதிப்பிலும் கோபுரம் சேர்ந்தே வருகிறது.

எழுதியிருக்கும் பலம் விழவில்லை

ஒப்ளிவியனில் கவசம் மந்திரத்தின் வலிமையைக் குறைக்கும். இரும்புச் சட்டையைக் கழற்றி அங்கியோடு நின்று ஒருமுறை பாருங்கள்.

கழற்றியும் சரிவரவில்லை என்றால், பெரும்பாலும் எதிரியைப் பலவீனமாக்கும் வீக்னெஸ் விளைவைப் பிழையான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். நெருப்புக்குப் பலவீனமாக்கும் விளைவையும் நெருப்பையும் ஒரே மந்திரத்துக்குள் சேர்த்தால், அந்த வீச்சில் நெருப்பு கூடாது. பலவீனத்தைத் தனியாகப் புனைந்து முதலில் எறியுங்கள், நெருப்பு அடுத்தது. பலவீனத்தின் நேரம் நெருப்பு போய்ச் சேரும்வரை தாங்க வேண்டும். மூன்று வினாடி போட்டுவிட்டு ஆற அமரக் குறி பார்த்தால் பயனில்லை. மந்திரத்துக்கான பலவீனத்தை அடுக்க விரும்பினால், ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப எறிவதில் பலன் இல்லை. பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்காரும். அதே உள்ளடக்கத்தோடு வேறு பெயரில் இரண்டாவதைப் புனைந்து மாறி மாறி எறியுங்கள்.

இன்னொன்று: ஒப்ளிவியனில் நீங்கள் வளர வளரப் பகைவரும் வளர்வார்கள். போன மாதம் ஓநாயைச் சுருட்டிய மந்திரம் இன்று கூச்சம் மட்டும் காட்டுகிறது என்றால் பிழை ஏதும் இல்லை. புதிதாகப் புனையுங்கள்.

எறிந்தவனே செத்துப்போகிறான்

மூன்று விதமாகச் சாகலாம்.

மேலே பறந்து விழுவது முதல் விதம். மொரோவிண்டின் தொடக்க ஊரான செய்தா நீனுக்கு வெளியே ஒரு மந்திரவாதி வானத்திலிருந்து பொத்தென்று விழுந்து சாவான். குதிக்கும் திறனை 1000 கூட்டும் சுருள் அவனிடம் இருக்கிறது. அதன் ஆயுள் 7 வினாடி. ஏறும்போது இருந்த பலம் இறங்கும்போது இல்லை. அவன் உடலில் அந்தச் சுருளை எடுத்த எங்கள் கூட்டாளிப் பையன், அவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அதையே செய்தான். நீங்கள் புனையும்போது ஜம்ப் விளைவுக்கு ஒரு வினாடியும், அதே மந்திரத்தில் ஸ்லோஃபால் விளைவுக்கு 1 பலமும் 20 வினாடியும் கொடுங்கள். ஒவ்வொரு விளைவுக்கும் தனித்தனி நேரம் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, திருப்பி அடிக்கும் பகைவர். ரிஃப்ளெக்ட் உள்ளவர்கள்மேல் எறிந்தது உங்களிடமே வரும். மொரோவிண்டில் கோல்டன் செயிண்ட் வகையோடு கவனம். உங்களையே கொல்லக்கூடிய பலத்தில் மந்திரம் புனையாதீர்கள், அல்லது அவர்களுக்கென்று வாளை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 2011-இல் வந்த மஜிக்கா. எட்டு மூலகங்களை விரலால் கோத்து அந்தந்த நேரத்தில் மந்திரம் செய்யும் விளையாட்டு அது. நனைந்த உடம்போடு மின்னலைக் கூப்பிட்டால் மின்னல் உங்களைத்தான் பிடிக்கும். முதலில் நெருப்பால் உங்களைக் காய வையுங்கள். கூட்டாளிமார்மேலும் எல்லாம் படும். எங்கள் விறாந்தையில் சண்டை மூண்டது எல்லாம் இதனால்தான். இப்போது அது வீட்டில் தடை.

விளைவு இறங்கவே மாட்டேன் என்கிறது

கடைசியாக ஓர் உண்மையான பிழை! பழைய மொரோவிண்டில், ஆன்மாவைப் பிடிக்கும் சோல் டிராப் விளைவை எறிதலாக முதலில் வைத்து, அதன் கீழே தன்மேல் விழும் விளைவு ஒன்றைச் சேர்த்து நிலத்தை நோக்கி எறிந்தால், அந்த இரண்டாவது விளைவு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பையன்களுக்கு இதைச் சொல்லாமல் இரண்டு வருடம் காப்பாற்றினேன். பிறகு அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நோய்ட்டா என்ற விளையாட்டில் மந்திரக் கோலுக்குள் வைத்த வரிசை குழம்புகிறது

கோலின் விவரத்தில் ஷஃபிள் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குலுக்கித்தான் எறியும்; உங்கள் அடுக்குக்கு அங்கே மரியாதை இல்லை. ஷஃபிள் இல்லாத கோலைத் தேடுங்கள். டிரனி என்ற இன்னொரு விளையாட்டில் மந்திரம் சேர மறுத்தால் லோர் என்ற அறிவுத் திறன் போதவில்லை: மந்திரத்தில் சேர்த்த குறிகள் ஒவ்வொன்றையும் கழற்றிக்கொண்டு வாருங்கள், எங்கே சம்மதிக்கிறதோ அங்கே நில்லுங்கள்.

புனைந்த மந்திரத்தையே காணவில்லை

பெயரைப் பாருங்கள் முதலில். மொரோவிண்டில் தமிழ் எழுத்தில் பெயர் இட முடியாது. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டுப் பிறகு எந்த எழுத்தில் தொடங்கினோம் என்று மறந்துவிடுவார்கள். பட்டியல் அகர வரிசையில் நிற்பதால், பெயருக்கு முன்னால் ஓர் இலக்கத்தைப் போட்டால் மேலே வந்து நிற்கும்.

பெயரும் இல்லை என்றால், புனைந்த மந்திரம் சேமித்த கோப்புக்குள்தான் வாழ்கிறது. 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் போன காலத்தில், பற்றரி செத்த மடிக்கணினியில் என் சின்ன மருமகன் சேர்த்த காசெல்லாம் கொடுத்து ஒரு மந்திரம் புனைந்தான். மந்திரக்காரரிடம் கதைத்து முடித்துத் திரையை மூடிய அந்தக் கணத்தில் மின்விசிறி நின்றது. மொரோவிண்டில் விரைவாகச் சேமிக்கும் பொத்தான் எஃப் 5. அவனுடைய மடிக்கணினியில் இப்போது அந்தப் பொத்தானின் எழுத்து அழிந்துபோயிருக்கிறது.